சீனத்திலும் மா குதிரைதான்

சீன மொழி வகுப்பில் சேர்கிறவர் முதல் நாளில் பெரும்பாலும் ஒரே அசையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்: மா, மா, மா, மா. குரலை உயரத்தில் நிறுத்தி ஒரே சீராகச் சொன்னால் அம்மா. கீழிருந்து மேலே ஏற்றினால் சணல். தாழ இறக்கி மறுபடி தூக்கினால் குதிரை. மேலிருந்து வெடுக்கென்று இறக்கினால் திட்டுவது. அழுத்தமே இல்லாமல் வாக்கியத்தின் வாலில் ஒட்டினால் அது கேள்விக்குறியின் வேலையைச் செய்யும். ‘அம்மா குதிரையைத் திட்டுகிறாளா?’ என்று கேட்கச் சீனருக்கு ஐந்து ‘மா’ போதும். வேறு ஓர் ஒலிகூடத் தேவையில்லை.

படிக்கிறவர் தமிழராக இருந்தால், மூன்றாவது மாவில் கொஞ்சம் நின்றுவிடுவார். குதிரையா? பள்ளியில் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்த ‘பரிமா’ நினைவுக்கு வரும். நம் ஊரிலும் மா குதிரைதானே! சீனனும் தமிழனும் எந்தக் காலத்திலோ ஒரே லாயத்தில் குதிரை கட்டியவர்களோ என்று ஒரு கணம் தோன்றும். அந்தக் கணத்தில்தான் மொழியியல் தொடங்குகிறது. பல நேரம் அங்கேயே அது கெட்டும் போகிறது.

முதலில் வீட்டுக் கணக்கைப் பார்த்துவிடலாம். ஓர் எழுத்தே சொல்லாக நிற்கும் ‘ஓரெழுத்து ஒருமொழி’கள் தமிழில் 42 என்று நன்னூல் கணக்கிட்டிருக்கிறது. அவற்றில் மகர வரிசைக்கு மட்டும் ஆறு. அந்த ஆறில் மாவைப் போல் பொருள்களைச் சேர்த்துக்கொண்ட சொல் வேறில்லை. மா ஒரு மரம். அதன் கனியை முன்வைத்துத்தான் இலக்கணக்காரர்கள் சீர்களுக்குத் தேமா என்றும் புளிமா என்றும் பெயர் வைத்தார்கள். மா என்றால் விலங்கு: பாயும் குதிரை பரிமா, கையுடைய யானை கைம்மா, சிங்கம் அரிமா. (லயன்ஸ் கிளப் தமிழ்நாட்டில் அரிமா சங்கம் ஆனது இப்படித்தான்.) மா என்றால் பெரியது: மாநகரம், மாமன்னர். பழைய நூல்களில் கருமைக்கும் அது பெயர், திருமகளுக்கும் பெயர். யாழ்ப்பாணத்துச் சமையலறையில் மா என்றால் அரைத்த மாவு. தமிழ்நாட்டார் ‘கோதுமை மாவு’ என்பதை அங்கே ‘கோதுமை மா’ என்றே சொல்கிறார்கள்.

இன்னும் ஒரு மா இருக்கிறது, அதைத் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயியிடம்தான் கேட்க வேண்டும். ‘எவ்வளவு நிலம்?’ என்றால், ‘மூணு மா’ என்பார். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஏக்கர் கணக்கில் ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். அந்த இருபதில் ஒன்று நிலத்தோடு நின்றுவிடவில்லை. பழைய கீழ்வாய்க் கணக்கில் எதை இருபதாகப் பங்கிட்டாலும் ஒரு பங்குக்குப் பெயர் மா. எண்பதில் ஒன்று காணி. இரண்டையும் கூட்டினால் மாகாணி. அதாவது 4/80 + 1/80 = 5/80, பதினாறில் ஒன்று. பெயருக்குள்ளேயே கூட்டல் கணக்கை ஒளித்து வைத்த சொல் இது!

இத்தனை மாக்களும் ஒரே வேரில் கிளைத்தவை அல்ல. மாமரத்துக்கும் மாகாணிக்கும் உறவு கிடையாது. ஒரே மொழிக்குள்ளேயே தொடர்பில்லாத சொற்கள் ஒரே உருவத்தில் வந்து நிற்கும்போது, உலகத்து மொழிகளில் எப்படி இருக்கும்?

கேட்கவே வேண்டாம். பின்லாந்தில் ‘மா’ என்றால் நிலம், நாடு. பின்னிஷ் மொழிக்குத் தூரத்து உறவான ஹங்கேரியத்தில் அது ‘இன்று’. போலந்தில் ‘வைத்திருக்கிறான்’. பிரெஞ்சுக்காரர் பெண்பால் சொல்லுக்கு முன்னால் ‘என்’ என்னும் பொருளில் அதைச் சேர்ப்பார். எபிரேயத்தில் ‘என்ன?’ அரபியிலும் ‘என்ன’தான்; ஆனால் இடத்தைப் பொறுத்து ‘இல்லை’ என்றும் ஆகும். இறுதியில் தொண்டையை இறுக்கி நிறுத்தினால் அரபியில் தண்ணீர். சமஸ்கிருதத்தில் மா என்பது ‘வேண்டாம், செய்யாதே’. வால்மீகியின் வாயிலிருந்து வந்த முதல் சுலோகம் என்று மரபு சொல்லும் செய்யுள் அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கு மா வெண்மை. நம் பழந்தமிழில் கருமை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஜப்பானியருக்கு அது இடைவெளி, இரண்டு ஓசைகளுக்கு நடுவே இருக்கும் மௌனமும்கூட. சுமேரியர் களிமண் பலகையில் எழுதி வைத்த மா ஒரு படகு.

வியட்நாமியத்தில் ஆறு தொனிகள். பேய், தாய், கல்லறை, குதிரை, நெல் நாற்று, ‘ஆனால்’ என்று ஆறுக்கும் ஒவ்வொரு மா உண்டு. தாய்லாந்தில் வருவதும் மா, குதிரையும் மா, நாயும் மா. தொனி மட்டும் மாறும். குதிரை வருகிறது என்று சொல்லப் போய் நாய் வருகிறது என்று சொல்லிவிடும் வெளிநாட்டுக்காரர்களைக் கண்டு அங்குள்ளவர்கள் சிரிக்காமல் இருக்கப் பழகியிருக்க வேண்டும்.

ஏன் இந்த ஓர் அசைக்கு இவ்வளவு தேவை? காரணம் வாயில் இருக்கிறது. உதடுகளை மூடி, அண்ணத்தின் பின்பகுதியைத் தாழ்த்தி, காற்றை மூக்கு வழியே விட்டால் ‘ம்’. பிறகு வாயைத் திறந்தால் ‘ஆ’. நாக்குக்கு இதில் வேலையே இல்லை. மூடு, திற, அவ்வளவுதான். உலக மொழிகளின் ஒலிகளைத் தொகுத்த பட்டியல்களில் ‘ம்’ நூற்றுக்கு ஏறத்தாழ 95 மொழிகளில் இருக்கிறது. வேறு எந்த மெய்யும் இவ்வளவு பரவலாக இல்லை.

மகரம் இல்லாத மொழிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில் அப்படி இரண்டு உண்டு: குயிலியூட், மக்கா. அந்தப் பகுதியில் ஒரு காலத்தில் மூக்கொலிகள் எல்லாம் வாயொலிகளாக மாறின. ‘ம்’ இருந்த இடத்தில் இங்கிலீஷ் ‘b’யின் ஒலி வந்து உட்கார்ந்தது. அப்படியானால் ‘மக்கா’ என்ற பெயரிலேயே மகரம் இருக்கிறதே? அது பக்கத்து இனத்தார் வைத்த பெயர். தங்களைக் குறிக்க அவர்கள் சொல்லும் சொல் வேறு. நாஞ்சில் நாட்டு ‘மக்கா’வோடு இதைச் சேர்த்துவைக்க வேண்டாம்.

இனி கணக்கு. ஒரு மொழியில் 15 மெய், 5 உயிர் இருப்பதாக வைத்துக்கொண்டால் ‘மா’ போன்ற மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகள் 75தான் கிடைக்கும். உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள். அத்தனை பேருக்கும் 75 நாற்காலி போட்டால் மடியில்தான் உட்கார வேண்டிவரும். சொல்லை நீட்டிப் பாருங்கள்: இரண்டு அசைக்கு 5,625 இடங்கள், மூன்று அசைக்கு 4,21,875. ‘மாகாணி’ என்ற சொல் வேறொரு மொழியில் தற்செயலாக அதே பொருளில் நிற்க வாய்ப்பு மிக அரிது. ‘மா’வுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. சீனத்தின் நிலைமை இன்னும் நெருக்கடி. தொனியைக் கழித்துவிட்டால் அம்மொழியில் இருப்பவை ஏறத்தாழ 400 அசைகள். மொழியியலாளர் யுவான் ரென் சாவ் ‘ஷ்ர்’ என்பதைப் போல் ஒலிக்கும் ஒரே அசையை மட்டும் வைத்து, சிங்கம் தின்னும் கவிஞன் ஒருவனின் கதையைத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட எழுத்துகளில் எழுதிக் காட்டினார். படித்தால் புரியும், காதால் கேட்டால் சீனருக்கே புரியாது.

பொருளும் சேர்ந்து பொருந்துவது எப்படி என்று கேட்கலாம். ஆறு பொருள் உள்ள ஒரு மாவையும் ஆறு பொருள் உள்ள இன்னொரு மாவையும் பக்கத்தில் வைத்தால், ஒப்பிட 36 சோடிகள் கிடைக்கும். ‘கொஞ்சம் நெருங்கினாலும் போதும்’ என்று விட்டுக்கொடுத்தால் கதவு அகலத் திறந்துவிடும். பின்னிஷில் நிலம், தஞ்சாவூரில் நில அளவு, ஆகா, ஒன்றுதான்! ஆனால் தமிழ் மா இருபதில் ஒரு பங்கு என்னும் கணக்கோடு சேர்ந்தது. பின்னிஷ் மாவின் உடன்பிறப்புகள் ரஷ்யாவின் வடக்கே, கோமி மொழியில் ‘மு’ என்று நிலத்தைக் குறித்துக்கொண்டு இருக்கின்றன. இரண்டும் தத்தம் வீட்டுப் பிள்ளைகள். சுமேரியப் பட்டியலையும் தமிழ் அகராதியையும் இரு கையில் பிடித்துக்கொண்டு உறவு தேடுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இந்த ‘நெருங்கினாலும் போதும்’தான்.

சொற்கள் பிறக்கும்போதே குட்டையாக இருப்பதில்லை, தேய்ந்து குட்டையாகின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. அடிக்கடி புழங்கும் சொல் சீக்கிரம் தேயும். ரோமானியர் ‘ஆகுஸ்துஸ்’ என்று கம்பீரமாகச் சொன்ன மாதத்தின் பெயரைப் பிரெஞ்சுக்காரர் வெறும் ‘ஊ’ என்று கூடச் சொல்லி முடித்துவிடுகிறார். இத்தாலியில் ‘மா’ என்றால் ‘ஆனால்’. வியட்நாமிய ‘ஆனால்’ மாவோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஒலியும் பொருளும் ஒத்துப்போனது தற்செயல். இத்தாலிய மா வந்த வழி சுவையானது. லத்தீனில் ‘மாகிஸ்’ என்றால் ‘இன்னும் அதிகமாக’. அது தேய்ந்து ‘மா’ ஆயிற்று. மாகிஸின் வேர், ‘பெரிய’ என்னும் பொருளுடைய பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். அதே வேரிலிருந்துதான் சமஸ்கிருதத்தில் ‘மஹா’ வந்தது, கிரேக்கத்தில் ‘மெகா’ வந்தது. ஆக, மகாத்மாவின் மகாவும் மெகா சீரியலின் மெகாவும் இத்தாலியரின் ‘ஆனால்’ என்னும் சொல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒலியும் ஒட்டவில்லை, பொருளும் ஒட்டவில்லை, உறவு மட்டும் உண்மை. மொழியியலில் இப்படித்தான் நடக்கும். அச்சு அசலாக ஒத்திருப்பது அந்நியமாக இருக்கும். முகமே தெரியாதது பங்காளியாக வந்து நிற்கும். ஆர்மீனிய மொழியில் இரண்டுக்குப் பெயர் ‘எர்கு’. இந்தியின் ‘தோ’வுக்கும் இங்கிலீஷின் ‘டூ’வுக்கும் அது உடன்பிறந்தது என்று யாராவது பார்த்தவுடன் சொல்ல முடியுமா?

சீன வகுப்பில் தமிழருக்கு இன்னொரு அதிர்ச்சியும் காத்திருக்கும். சீனத்தில் ‘லாய்’ என்றால் வருவது. வாலில் மாவைச் சேர்த்து ‘லாய் மா?’ என்றால் ‘வருகிறாயா?’ நாமும் ‘வருமா?’ என்றுதானே கேட்கிறோம்! கேட்கிறோம், ஆனால் நம் கேள்வி மாவில் இல்லை. வரும் என்ற சொல்லோடு ‘ஆ’ சேர்ந்ததால் வருமா. ‘அவனா’, ‘நேற்றா’ என்பவற்றில் இருக்கும் அதே ஆ. மகரம் ‘வரும்’ என்பதன் சொத்து. சீன மா வேறு பாதையில் வந்தது. ‘வருகிறாயா, இல்லையா?’ என்று நம்மவர் அதட்டுவது போலவே அவர்களும் ஒரு காலத்தில் வாக்கியத்தின் கடைசியில் ‘இல்லை’ என்னும் சொல்லை நிறுத்திக் கேட்டார்கள். தாங் அரசர் காலத்துக் கவிதைகளிலேயே அந்தப் பழக்கம் இருக்கிறது. அந்த ‘இல்லை’தான் நாளடைவில் பொருளை இழந்து, தொனியை இழந்து, வெறும் மாவாகச் சுருங்கியது.

இப்போது லாயத்துக்குத் திரும்பலாம். இரண்டு சொற்கள் உறவா இல்லையா என்று பார்க்க, இன்றைய ஒலியை ஒப்பிடுவதில் பயனில்லை. இரண்டையும் எவ்வளவு பின்னால் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோக வேண்டும். சீனக் குதிரையைப் பின்னோக்கி நடத்தினால் நடுவில் ஒரு ரகரம் முளைக்கிறது. பழஞ்சீனத்தை மீட்டெடுக்க முயன்ற பாக்ஸ்டர், சகார் என்னும் இரு அறிஞர்கள் அதை ஏறத்தாழ ‘ம்ரா’ என்று எழுதுகிறார்கள். சாட்சி பர்மாவில் இருக்கிறது. பர்மியர் இன்றும் குதிரையை ‘ம்ராங்’ என்பதுபோல் எழுதி, ‘ம்யின்’ என்பதுபோல் உச்சரிக்கிறார்கள். தமிழ் மாவைப் பின்னோக்கி நடத்தினால் ரகரமும் இல்லை, குதிரையும் இல்லை. கிடைப்பது விலங்கு என்னும் பொதுப்பொருள். பரி என்று அடை கொடுத்தால்தான் அது ஓடத் தொடங்குகிறது. கை கொடுத்தால் அதுவே யானை. முன்னேறி வரும்போது ஒன்றையொன்று உரசிய இரு பாதைகள், பின்னோக்கிப் போகப் போக விலகுகின்றன. தாய்லாந்துக் குதிரையும் வியட்நாமியக் குதிரையும் வேறு கதை. அவை சீன லாயத்திலிருந்து கடன் போனவை என்பதுதான் அறிஞர்கள் பொதுவாகச் சொல்வது.

உண்மையான உறவு எப்படி இருக்கும் என்பதற்குச் சீனா வரை போக வேண்டியதில்லை, ஓசூரைத் தாண்டினால் போதும். பால் கன்னடத்தில் ஹாலு. புலி ஹுலி. பல் ஹல்லு. பத்து ஹத்து. பூ ஹூவு. ஒரு சொல் மற்றொன்றைப் போல ஒலிக்கிறதா என்பதல்ல கேள்வி. தமிழில் சொல்லின் முதலில் பகரம் நிற்கும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம் நிற்பது வரிசை வரிசையாகத் தொடர்கிறதா என்பதே கேள்வி. ஒரு ‘மா’வைக் காட்டி உறவு சொல்ல முடியாததும் இதனால்தான். ஒற்றைப் பொருத்தம் எவருக்கும் கிடைக்கும். வரிசை சொந்தக்காரருக்கு மட்டுமே வாய்க்கும்.

தாயைக் குறிக்கும் மா தற்செயல், உறவு என்னும் இந்த இரண்டு பெட்டிகளிலும் அடங்காது. இந்தியில் மா, வங்காளத்தில் மா, சீனத்தில் மா, தெற்கு வியட்நாமில் மா. இது வெறும் தற்செயலாகத் தெரியவில்லை. ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாகவும் சொல்ல முடியாது. மானிடவியலாளர் ஜார்ஜ் முர்டாக் உலகெங்கிலுமிருந்து தாய், தந்தையைக் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டினார். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரோமன் யாகப்சன் அதை எடுத்து ஆராய்ந்தார். தாய்க்கான சொற்களில் 55 விழுக்காடு மூக்கொலி கொண்டவை. தந்தைக்கான சொற்களில் 15 விழுக்காடுதான். யாகப்சன் தந்த விளக்கம் எளிமையானது. பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கிறது. அப்போது முனக மூக்கு ஒன்றே வழி. பாலுக்கான அந்த முனகல் நாளடைவில் பால் தருபவளை அழைக்கும் குரலாகிறது. உதட்டைத் திறந்ததும் மா. அதைப் பெற்றோர் தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அகராதியில் பாதியைக் குழந்தையின் முனகலும் மீதியைப் பெற்றோரின் ஆசையும் எழுதியிருக்கின்றன.

ஆனால் இயற்கைக்கும் விதிவிலக்கு உண்டு. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மாவுக்கு ‘தேதா’. தமிழில் மாமா தாயின் உடன்பிறந்தான். இலங்கையில் இது இன்னும் வேடிக்கை. சிங்களத்தில் குறிலாக ‘மம’ என்றால் ‘நான்’. நெடிலாக ‘மாமா’ என்றால் நம்மைப் போலவே மாமன். சிங்களம் புதிதாகக் கற்கும் தமிழர் குறிலை நெடிலாக்கிவிட்டால் தன்னைத்தானே மாமனாக்கிக்கொள்வார்.

தற்செயலுக்கு மொழியியலாளர்கள் எல்லாரும் காட்டும் உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1960களில் ஆர். எம். டபிள்யு. டிக்சன் வடக்குக் குயின்ஸ்லாந்தில் ம்பபரம் என்னும் மொழியைப் பதிவு செய்யப் போனார். அதைப் பேசக்கூடியவர்கள் அப்போது மிகச் சிலரே. அவர்களில் ஒருவரான ஆல்பர்ட் பென்னட் என்ற முதியவர், தங்கள் மொழியில் நாய்க்கு என்ன பெயர் தெரியுமா என்று கேட்டுவிட்டுச் சொன்ன சொல்: ‘டாக்’. டிக்சனுக்கு மனம் சோர்ந்துவிட்டது. இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்கிறாரே, மொழி மறந்துவிட்டதோ? இல்லை. அண்டை மொழியான யிடின்யில் நாய் ‘குடகா’. ம்பபரத்தில் சொற்களின் முதல் பகுதி உதிர்ந்துபோவது வழக்கம். போகிற போக்கில் முதலில் நின்ற ககரம் அடுத்த அசையின் உயிரை ஒகரமாக வளைத்துவிட்டுப் போனது. கடைசி உயிரும் உதிர்ந்தது. மிஞ்சியது டாக். இங்கிலீஷ் ‘டாக்’ எங்கிருந்து வந்தது என்பதோ இன்றுவரை துலங்காத புதிர். வம்சாவளி தெரிந்த நாய் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. தெருநாய் இங்கிலாந்தில் இருக்கிறது.

நம் மாவுக்கும் ஒரு கடல் பயணம் உண்டு. மாங்காயை மலையாளத்தார் மாங்ங என்பார்கள். 1498இல் கோழிக்கோட்டில் வந்து இறங்கிய போர்ச்சுகீசியர் இந்தக் கடற்கரையிலிருந்து பழத்தோடு பெயரையும் எடுத்துக்கொண்டு ‘மாங்கா’ ஆக்கினார்கள். அங்கிருந்து இங்கிலீஷில் ‘மேங்கோ’. சீனர் அதை ‘மாங்குவோ’ என்கிறார்கள். வந்த ஒலியைப் பெயர்த்து எழுதும்போதே ‘குவோ’ என்ற இடத்துக்குப் பழம் என்று பொருள்படும் எழுத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். மாவோடு போன ‘காய்’ சீனத்தில் பழுத்துவிட்டது.

போர்ச்சுகீசியத்தில் ஏற்கெனவே ஒரு ‘மாங்கா’ இருந்தது. லத்தீனில் கையைக் குறிக்கும் ‘மானுஸ்’ என்னும் சொல்லின் வழியே வந்தது. பொருள், சட்டைக் கை. பின்னாளில் ஜப்பானிலிருந்து மூன்றாவது மாங்கா வந்தது. சீன எழுத்துகளில் ‘மனம்போன போக்கில் வரைந்த படம்’ என்று பொருள்படும் அந்தப் பெயரில் ஹொகுசாய் 1814இல் தன் கோட்டோவியத் தொகுப்பின் முதல் பகுதியை வெளியிட்டார். இன்று அது சித்திரக்கதைக்குப் பெயர். ஜப்பானிய வம்சாவளியினர் நிறைய வாழும் பிரேசிலில் கடைசி எழுத்தை அழுத்தி அதை ‘மாங்கா...’ என்கிறார்கள். சாவோ பாவ்லோவில் மாங்கா படித்துக்கொண்டே மாங்கா தின்னும் பையனின் மாங்காவில் கறை பட்டால், துவைக்கிற அம்மா எதைத் திட்டுவது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.